யோகாசன வகுப்பிற் புதியவர்

பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரங்கள் ஏறக்குறைய 195. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரே பேசுபவை மூன்றே. தலைகீழாய் நிற்றலைப் பற்றியோ, காலைக் கழுத்தின்மேல் ஏற்றுதலைப் பற்றியோ அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. இருக்கை நிலைபெற்றதாயும் இதமானதாயும் அமைதல் வேண்டும் என்பதே அவர் கூறிய இலக்கணம். வகுப்பிற் புதிதாகச் சேர்பவர் இவ்விரு இயல்புகளையும் மனத்திற் பதித்துக்கொண்டு புறப்படுவாராயின், தொடக்கத்தில் நேரும் இடர்களுட் பல அவரை அணுகமாட்டா.

புதியவர் படும் துன்பம் பெரும்பாலும் அயலவரைப் பார்ப்பதால் விளைவது. பக்கத்துப் பாயில் நிற்பவர் முழங்கால் மடங்காமற் குனிந்து காற்பெருவிரலைப் பற்றுகிறார். அவர் பத்தாண்டு பழகியவராயிருக்கலாம். அதனைக் கண்டவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாமும் எட்டிப் பிடிக்க முயல்கிறார். திடீரென இழுக்கப்படும் தசை தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுச் சுருங்கும் இயல்புடையது. ஆதலின், உலுக்கி இழுக்குந்தோறும் அது எதிர்த்து நிற்கும். மெல்லக் குனிந்து, எட்டிய அளவில் அரை நிமிடம் அமைதியாக நிற்பின், அதே தசை சிறிது சிறிதாகத் தளர்ந்து இடங்கொடுக்கும். எவ்வளவு குனியலாம் என்பதற்கு மூச்சே அளவுகோல். மூக்கு வழியாகச் சீராய் ஓடும் மூச்சு எங்கே தடைப்படுகிறதோ, அதுவே அன்றைக்கு அவருக்குரிய எல்லை.

பத்மாசனத்தைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் நன்று. படங்களில் யோகியர் பெரும்பாலும் அவ்வாறே வீற்றிருப்பதால், புதியவர் முதலில் விழைவது அதனையே. முழங்காலை நோகச் செய்துகொள்வதும் பெரும்பாலும் அதனாலேயே. முழங்கால், கதவின் பிணைச்சலையொத்த மூட்டு. மடக்கவும் நீட்டவும் வல்லதேயன்றி, முறுக்கத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்கு மிகச் சிறிது. பாதத்தைத் தொடைமேல் ஏற்றுதற்கு வேண்டிய சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்து வருதல் வேண்டும். பகல் முழுதும் கதிரையில் இருந்து பணிபுரிவோர் பலர்க்கு இடுப்பு இறுகியிருக்கும். அது சுழலாவிடத்துப் பாதத்தைக் கையால் வலிந்து இழுத்தால், முறுக்கம் அனைத்தும் முழங்காலிற் சென்று விழும். மடித்த போர்வையொன்றின்மேல் அமர்ந்து, முள்ளந்தண்டு நிமிரச் சாதாரணமாகச் சம்மணமிட்டிருத்தலே தொடக்கத்திற் போதும். போர்வை, மரக்கட்டை, பட்டி முதலிய துணைப்பொருள்களைக் கொள்வது தளர்ச்சியின் அடையாளமென்று சிலர் நாணுவர். அவற்றின் பயனை உலகறியச் செய்தவர், கடினமான ஆசனங்களிலெல்லாம் தேர்ச்சிபெற்ற பி. கே. எஸ். ஐயங்கார் (1918–2014) என்பதை அவர்கள் அறிதல் நலம்.

நாணம் இன்னுமோரிடத்தில் பெருந்தீங்கு விளைக்கக்கூடும். உடம்பிலுள்ள நோயை ஆசிரியரிடம் மறைப்போர் உளர். உயர் இரத்த அமுக்கம் உடையோரும், கண்ணின் உள்ளமுக்கம் மிகும் குளுக்கோமா நோயுடையோரும் தலையைக் கீழாக்கும் ஆசனங்களைத் தவிர்த்தல் வேண்டும். குடலிறக்கம், முள்ளந்தண்டு வட்டுப் பிதுக்கம், அண்மையிற் செய்த சத்திரசிகிச்சை, கருப்பம் ஆகியவற்றையும் முதல் வகுப்புக்கு முன்னரே தனியாகக் கூறிவிடுதல் இன்றியமையாதது. ஐயமிருப்பின் வைத்தியரை முதலிற் கேட்டறிக. ஆசிரியர் அவற்றை வினவாமலே பயிற்சியைத் தொடங்கிவிடுவாராயின், வேறு ஆசிரியரைத் தேடுவதே தக்கது.

உணவைப் பற்றி ஹடயோக நூலாகிய கேரண்ட சங்கிதை கூறும் கணக்கு எளியது: வயிற்றில் பாதி உணவு, கால் நீர், எஞ்சிய கால் காற்றின் இயக்கத்துக்கு. சோறுண்டபின் மூன்று நான்கு மணி நேரமேனும் கழித்தே வகுப்புக்குச் செல்லவேண்டும். ஒரு வாழைப்பழமாயின் ஒரு மணி நேரம் போதும். நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுவோர் மட்டும், வெறுவயிறு நல்லதென்று கேட்டவாறே பட்டினியாகப் போதல் கூடாது. இரத்தத்திற் சர்க்கரை குறைந்து மயக்கம் வரக்கூடும். அவர்கள் வைத்தியர் சொற்படியே நடத்தல் வேண்டும்.

உடை தளர்வானதாயிருப்பின் எதுவும் ஏற்கும். பாயைப் பற்றி ஒரு சொல். யோகத்தைப் பலநாட்டாரும் அறியச் செய்த சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த பத்தமடை, கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். ஆயினும் கோரைப்பாய் இருத்தற்கும் கிடத்தற்கும் உகந்ததேயன்றி, வழுவழுப்பான சீமெந்துத் தரையிற் காலை அகட்டி நிற்கும் ஆசனங்களுக்கு ஏற்றதன்று, வழுக்கிவிடும். றப்பர்ப் பாயே அங்கு உதவும். அஃது இல்லாதார் நிற்கும் ஆசனங்களை வெறுந்தரையில் வெறுங்காலுடன் செய்யலாம்.

வகுப்பின் இறுதியில் வருவது சவாசனம். சும்மா கிடப்பதற்கோ இத்தனை தூரம் வந்தோம் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு விரைவோர் பலர். உண்மையில், சும்மா கிடத்தலே புதியவர்க்கு அரிய பயிற்சி. ஐந்து முதற் பத்து நிமிடம் கிடந்தால் மூச்சு தணிந்து, நாடித்துடிப்பும் இறங்கும். அந்நிலையிலிருந்து துள்ளியெழுந்தால் இரத்தம் கால்களிற் தங்கித் தலை சுற்றலாம்; ஒருபக்கமாகத் திரும்பிக் கையூன்றி மெல்ல எழுதல் வேண்டும்.

வகுப்பிற் பழகியவற்றுள் இரண்டு மூன்றையேனும் வீட்டில் நாடோறும் கால்மணி நேரம் செய்துவரின், வாரம் ஒருமுறை மட்டும் உடம்பை வருத்துவதினும் விரைவில் இணக்கம் உண்டாகும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசைகளில் மந்தமான நோவு தோன்றுதல் இயல்பு; அது தானே தணியும். மூட்டினுள்ளே கூர்மையாகக் குத்தும் நோவும், கைகால் விறைப்பும் வேறு வகையின. அவை தோன்றின் அந்த ஆசனத்தை உடனே நிறுத்திவிட்டு, அடுத்த வகுப்பில் பாயை விரிக்குமுன் ஆசிரியரிடம் கூறுதல் வேண்டும். தணியாவிடின் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.