வெற்றிலைக் கொடிக்காலில் வேரழுகல்

தாமிரபர்ணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் ஒருபுறமிருக்க, அடிக்கடி கையில் ரொக்கம் காணச் செய்வது வெற்றிலைக் கொடிக்காலேயாம். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழ்ப்பட்ட ஆத்தூர் வெற்றிலை 2023ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடும் பெற்றது. இத்தகைய கொடிக்கால்களை ஐப்பசி முதல் தை வரையில் பாழாக்குவது வேரழுகல் என்னும் வாடல் வியாதி.

கொடி வாடக் கண்டவுடன் தண்ணீர் போதவில்லையென்று எண்ணி மடையைத் திறந்துவிடுவோர் பலர். இதைக்காட்டிலும் கெடுதலான வைத்தியம் வேறில்லை. முதலில் கொடியின் அடிமண்ணை விலக்கிப் பார்க்கவேண்டும். வேர் வெண்மையாயும் உறுதியாயுமிருப்பின் அது தாகமே. வேர் கறுத்து, விரலால் உருவியதும் தோல் கழன்று, துர்நாற்றம் வீசுமாயின் அழுகலென்று நிச்சயிக்கலாம்.

இதற்குக் காரணம் பைட்டோப்தோரா என்னும் பூசணம். மத்திய மாகாணங்களின் வெற்றிலைத் தோட்டங்களில் இவ்வியாதியை ஆராய்ந்து தஸ்தூர் என்பார் 1935இல் எழுதியுள்ளார். வெற்றிலைக்கு இனமாகிய மிளகுக் கொடியையும் இவ்வகைப் பூசணமே வாட்டுகிறது. இதன் நுண்வித்துக்கள் ஜலத்தில் நீந்திச் செல்ல வல்லவை. ஆகவே, தேங்கிய நீரே அவற்றுக்குப் பாதை. 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடித்தண்டே அழுகிய கொடியைப் பிழைப்பிக்க இயலாது. அதை வேரோடு அகழ்ந்து கொளுத்துக, வாய்க்காலில் எறியலாகாது. மேற்பாகம் பச்சையாயிருக்கிறதே என்று ஆசைப்பட்டு விதைக்கொடியாக நறுக்கி நடுவோர், வியாதியையும் சேர்த்தே நடுகின்றனர். வேர் சிலவே கெட்டு, தண்டு கெட்டியாயுள்ள கொடிக்கு மட்டும் நம்பிக்கையுண்டு. நீரை வடித்து, போர்டோ கலவையை அடியில் ஊற்றி, மழை ஓய்ந்து மண் பொலபொலத்தபின் கொடியை இறக்கிப் புதுமண் அணைத்தால் மேற்கணுக்களில் புதுவேர் இறங்கும்.

கலவை செய்யும் முறை யாதெனில், 250 கிராம் மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 250 கிராம் நல்ல சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே உகந்தது; இரும்பு ஆகாது. தீட்டிய கத்தியைக் கலவையில் தோய்த்து எடுக்கையில் செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க. அன்றே உபயோகித்துவிடவேண்டும். ஐப்பசி முதல் தை வரை மாதமொருமுறை கொடியினடியில் ஊற்றுவது நன்று. வாயிலிட்டு மெல்லும் இலையாதலால் இலைமேல் படாதவாறு ஊற்றுக.

கலவை எவ்வளவு ஊற்றினும், வடிகால் இல்லாத கொடிக்காலில் அது வீண்செலவே. மேலண்டைக் கொடிக்காலின் கழிவுநீர் கீழண்டைக் கொடிக்கால் வழியே பாயும் இடங்களில் இருவரும் கூடிப் பேசித் தனிக்கால் வெட்டிக்கொள்ளவேண்டும். இதில் வரும் வழக்கு மிகுதி. ஆயினும் ஓரிரு அடி நிலம் போவது, கொடிக்கால் முழுவதும் போவதைவிட இலாபந்தான். அழுகல் கண்ட தோட்டத்தில் இறங்கிய மண்வெட்டியையும் காற்சேற்றையும் கழுவாமல் மற்றொரு கொடிக்காலில் ஆட்களை இறங்கவிடலாகாது.