அமைதிப் படை வெளியேறிய பின் வாவிக்கரையில் நிகழ்ந்தவை

போரினால் சிதைந்த ஒரு நாட்டிலிருந்து அந்நியப் படை வெளியேறுவது பொதுவாக நற்செய்தியாகவே கொள்ளப்படுகின்றது. அந்நியனின் துப்பாக்கி நிழலில் வாழ எந்த மக்களும் விரும்புவதில்லை. ஆயினும், படை வெளியேறும் நாளுக்கும் அமைதி வரும் நாளுக்கும் இடையில் ஒரு காலம் இருக்கின்றது. அக்காலத்தில் யார் ஆள்வார், யாரை யார் காப்பார் என்ற வினாக்களுக்கு விடை காணாமல் கப்பலேறிவிடும் படை எத்தகைய விளைவுகளை விட்டுச் செல்லும் என்பதை 2021 ஓகஸ்ட் மாதத்தில் காபூல் விமான நிலையத்தில் உலகம் கண்டது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் அதனை அதற்கு முப்பத்தோராண்டுகள் முன்னரே அனுபவித்துவிட்டனர்.

1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின் பேரில் இந்திய அமைதி காக்கும் படை இந்நாட்டிற்கு வந்தது. வந்த வேளையில் மாலை சூட்டி வரவேற்கப்பட்ட அப்படை, அவ்வாண்டு ஒக்டோபரிலேயே விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கியது. உச்ச நிலையில் அதன் எண்ணிக்கை 70,000ஐத் தாண்டியிருந்தது. சுற்றிவளைப்புகள், கைதுகள், பழிவாங்கல் கொலைகள் என்று அப்படையின் பெயரில் எழுதப்பட்ட கணக்கும் சிறியதன்று. போரை நிறுத்திப் பேச்சு நடத்துமாறு கோரி மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில் அன்னை பூபதி 1988 மார்ச் 19ஆம் திகதி தொடங்கிய உண்ணாவிரதம், ஏப்ரல் 19ஆம் திகதி அவரது மரணத்தோடு முடிந்தது. எனவே, அப்படை போக வேண்டும் என்று கேட்டோர் அநியாயமான ஒன்றைக் கேட்கவில்லை. வெளியேற்றம் சரியா, தவறா என்பதை நாம் இங்கு ஆராய முற்படவில்லை. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நமது கவலை.

வாவியை அறியாதோருக்குச் சில சொற்கள். ஐம்பது கிலோமீற்றருக்கும் அதிகமான நீளங்கொண்ட இவ்வாவியின் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்களும் மேய்ச்சல் தரைகளும் நிறைந்தது படுவான்கரை. எழுவான்கரையில் ஆரையம்பதியும் காத்தான்குடியும் வேலிக்கு வேலி ஒட்டியவை. காத்தான்குடி வணிகர் பாதையேறிப் படுவான்கரைக்குச் சென்று பொருள் விற்றனர். (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை இங்கு ‘பாதை’ என்றே அழைப்பர்.) முஸ்லிம்களின் வயல்கள் தமிழ்க் கிராமங்களின் நடுவிலும், தமிழரின் தொழில் முஸ்லிம் ஊர்களின் சந்தைகளிலும் தங்கியிருந்தன. தாய்வழி வரும் குடிமுறை இரு சமூகத்தாருக்கும் பொதுவானது. ‘பிட்டும் தேங்காய்ப்பூவும்’ என்று மேடைகளில் இன்றும் சலிக்காமல் சொல்லப்படும் உவமை இந்த நிலவமைப்பிலிருந்து பிறந்ததாகும். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 24 வீதத்தினர்.

வடக்கையும் கிழக்கையும் இணைத்த 1987 உடன்படிக்கை இம்மக்களிடம் எதையும் கேட்கவில்லை. 1988 நவம்பரில் நடந்த மாகாண சபைத் தேர்தலில் எம்.எச்.எம். அஷ்ரஃப் தலைமையிலான ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களைப் பெற்றுக் கணிசமான எதிர்க்கட்சியாக அமர்ந்தது உண்மையே. ஆனால், அச்சபையின் முதலமைச்சர் வரதராஜப் பெருமாளுக்கே போதிய அதிகாரம் வழங்கப்படாத நிலையில், எதிர்க்கட்சி எதைச் செய்திருக்க முடியும்? பொலிஸ் அதிகாரம் சட்டப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. மாகாண அரசின் காவல் முழுவதும் இந்தியப் படையின் கையிலேயே தங்கியிருந்தது.

1989 ஜனவரியில் பதவியேற்ற ஜனாதிபதி பிரேமதாஸ, அவ்வாண்டு ஜூன் முதலாம் திகதி, ஜூலை 29ஆம் திகதிக்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாக அறிவித்தார். தெற்கில் ஜே.வி.பி. கிளப்பியிருந்த இந்திய எதிர்ப்பு அலையும், மே மாதத்தில் புலிகளுடன் தொடங்கியிருந்த பேச்சும் இவ்வறிவிப்பின் பின்னணியாகும். இந்தியா இழுத்தடித்தது. முடிவில், செப்டெம்பர் 18ஆம் திகதி கொழும்பில் ஓர் இணக்கம் ஏற்பட்டு, ஆண்டிறுதிக்குள் வெளியேற்றம் நிறைவுபெற வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. அவ்விணக்கத்தின்படி ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்புக் குழுவும், வடக்கு கிழக்கின் அனைத்துத் தரப்பினரையும் ஒன்று சேர்ப்பதற்கான அமைதிக் குழுவும் அமைக்கப்பட இருந்தன. இவ்விரு குழுக்களும் உண்மையில் இயங்கியிருப்பின் இக்கட்டுரைக்குத் தேவையே இருந்திராது. படையை ஏற்றிச் செல்லக் கப்பல்களுக்கு இருந்த கால அட்டவணை, மக்களைக் காக்கும் பொறிமுறைக்கு இருக்கவில்லை.

வெளியேறும் படை தன் நண்பர்களைக் கைவிட்டுச் செல்லும்போது அவர்களுக்கு ஆயுதம் கொடுத்துச் செல்வது உலக வழக்கம். இந்தியாவும் அதையே செய்தது. ஈ.பி.ஆர்.எல்.எப்., ஈ.என்.டி.எல்.எப்., ரெலோ ஆகிய இயக்கங்களின் துணையோடு தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் ஒரு படை அவசரமாகத் திரட்டப்பட்டது. வீதிகளிலும் பஸ்களிலும் மாணவர்களும் இளைஞர்களும் பிடிக்கப்பட்டனர். பிள்ளைகளை வீட்டினுள் ஒளித்து வைத்த தாய்மார் எத்தனை பேர்! சில வாரப் பயிற்சியும் ஒரு துப்பாக்கியும் பெற்ற அச்சிறுவர்கள், ஆண்டுக்கணக்காகப் போரில் பழகிய புலிகளை எதிர்த்து நிற்பார்கள் என்று புதுடில்லியில் எவரேனும் உண்மையாகவே நம்பினார்களா என்பது நமக்கு இன்றும் விளங்காத புதிர்.

முதலில் வெறுமையானது அம்பாறை மாவட்டம். 1989 நவம்பரில் இந்தியப் படை அங்கிருந்து அகன்ற சில தினங்களிலேயே தமிழ்த் தேசிய இராணுவத்தின் முகாம்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. அடுத்து மட்டக்களப்பு. கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட பிள்ளைகளில் பலர் கொல்லப்பட்டனர்; பலர் சரணடைந்தனர்; தப்பியோர் திருகோணமலையை நோக்கியும் கடல் கடந்தும் ஓடினர். அவர்கள் விட்டுச் சென்ற இந்திய ஆயுதங்கள் புலிகளின் கைக்கு மாறின. இந்தியப் படையை எதிர்ப்பதற்காகப் பிரேமதாஸ அரசு புலிகளுக்கு ஆயுதம் கொடுத்த செய்தியும் பின்னர் அம்பலமானது. ஆக, படையை வெளியேற்றுவதற்காகக் கொழும்பு கொடுத்த ஆயுதமும், வெளியேறிய பின் காப்பதற்காகப் புதுடில்லி கொடுத்த ஆயுதமும் வாவிக்கரையில் ஒரே கையில் வந்து சேர்ந்தன.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்தரும். சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டு 1989 பெப்ரவரி 15ஆம் திகதி வெளியேறியது. அது விட்டுச் சென்ற நஜிபுல்லாவின் அரசு சில மாதங்களில் விழும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். அது 1992 ஏப்ரல் வரை நின்றது. படை போன பின்னரும் மொஸ்கோவின் பணமும் எரிபொருளும் ஆயுதமும் வந்துகொண்டிருந்தமையே அதற்குக் காரணம். சோவியத் ஒன்றியம் மறைந்து அவை நின்றதும் அரசும் சரிந்தது. வடக்கு கிழக்கு மாகாண அரசுக்கோ பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை, பெருவாரியான மக்களின் ஆதரவும் இல்லை. 1989 டிசம்பரில் இந்தியாவில் ஆட்சி மாறி வி.பி. சிங் பிரதமரானதும், எஞ்சியிருந்த அக்கறையும் அகன்றது. 1990 மார்ச் முதலாம் திகதி பெருமாள் செய்த ஈழப் பிரகடனம், போகும்போது கதவைச் சாத்தும் ஓசையாகவே கேட்டது. மார்ச் 24ஆம் திகதி கடைசி இந்தியப் படைப்பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறிற்று. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இம்மண்ணில் உயிரிழந்திருந்தனர். சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை என்பதும் வரலாறு.

அடுத்து வந்த சில மாதங்கள் விசித்திரமானவை. இலங்கை இராணுவம் முகாம்களுக்குள் இருந்தது. பொலிஸ் நிலையங்கள் திறந்திருந்தன. ஆனால் வீதியில் ஆட்சி செய்தது புலிகள் இயக்கமே. கொழும்பில் இதனைச் சமாதானம் என்று அழைத்தனர். 1990 ஜூன் 11ஆம் திகதி அச்சமாதானம் முடிந்தது. கிழக்கெங்கும் பொலிஸ் நிலையங்கள் சுற்றிவளைக்கப்பட்டன. சண்டையிடாமல் சரணடையுமாறு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அவ்வாறு சரணடைந்தோரில் சிங்களவரும் முஸ்லிம்களுமாக ஏறத்தாழ 600 பொலிஸார் கொல்லப்பட்டனர். அமைச்சர் ஏ.சி.எஸ். ஹமீட் போர்நிறுத்தத்திற்காக எடுத்த இறுதி முயற்சியும் கைகூடவில்லை.

இதன் பின்னர் நிகழ்ந்தவற்றை எழுதுவதற்குத் தயக்கம் உண்டு. தமிழ் வாசகரும் முஸ்லிம் வாசகரும் தத்தம் துயரை மட்டுமே நினைவில் கொள்ளப் பழக்கப்பட்டுவிட்டமையால், இரண்டையும் ஒரே பந்தியில் எழுதினால் இரு தரப்பும் முகம் சுளிப்பர். ஆனால் நிகழ்ந்தவை ஒரே வாவிக்கரையில், ஒரே பருவத்தில் நிகழ்ந்தன. ஜூலை 12ஆம் திகதி, கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள், ஹஜ் கடமையை முடித்து வந்தோர் உட்பட, குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 3ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடி மீரா ஜும்மா பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றோர் மீது துப்பாக்கிகள் நீண்டன; நூற்றுக்கும் மேற்பட்டோர் ஸுஜூதிலிருந்து எழவில்லை. ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் மேலும் நூற்றுக்கு மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளுமாக, மாண்டனர். மறுநாள் 12ஆம் திகதி, வீரமுனையில் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் ஊர்காவல் படையினரால் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்த 158 பேரை இராணுவத்தினர் அழைத்துச் சென்றனர், அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதி, சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் இருந்து கொண்டு செல்லப்பட்ட 184 பேர் முகாமில் கொல்லப்பட்டனர்.

இரண்டு மாதங்களில் இத்தனையும். இவற்றைச் செய்தோர் புலிகளும் இராணுவத்தினரும் ஊர்காவல் படையினருமே, பழி அவர்களுடையது. அதனை இந்தியப் படையின் வெளியேற்றத்தின் மீது சுமத்திவிட்டு எவரும் நழுவ முடியாது. ஆனால், அவர்களுக்கு வாய்ப்பான வெளி எங்ஙனம் உருவாயிற்று என்பது தனி வினா. இந்தியப் படை இருந்த காலத்தில் கொடுமைகள் நிகழ்ந்தன. எனினும், ஆயுததாரிகள் ஒரு கிராமத்தை இரவோடிரவாக அழித்துவிட்டுத் தடையின்றித் திரும்பும் நிலை இருக்கவில்லை. அப்படை போன பின் அதன் இடத்தில் நடுநிலையான ஒரு காவல் வரவில்லை. பொதுவான காவல் இல்லாத ஊரில் ஒவ்வொருவனும் தன் இனத்தானின் துப்பாக்கியையே காவலாகக் கொள்வான். அச்சமுற்ற முஸ்லிம் ஊர்களில் இளைஞருக்குத் துப்பாக்கி கொடுத்து ஊர்காவல் படையாக்கியது அரசு. முஸ்லிம்கள் அரசின் பக்கம் என்று தமிழ்க் கிராமங்கள் நம்பின. தமிழர் அனைவரும் புலிகளின் கண்கள் என்று முஸ்லிம் ஊர்கள் நம்பின. அதற்கு முன்னர் தமிழ் இயக்கங்களில் முஸ்லிம் இளைஞரும் இருந்தனர் என்பதை இன்றைய தலைமுறை வியப்போடு கேட்கின்றது.

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையிலான பாதை, முஸ்லிம்களைப் பொறுத்தவரை, ஏறக்குறைய நின்றுபோனது. காத்தான்குடி வணிகர் மறுகரைக்குச் செல்லவில்லை. ஏறாவூராரின் வயல்கள் தரிசாயின அல்லது வேறொருவர் கையில் விளைந்தன. முஸ்லிம் ஊர்களின் விளிம்பில் வாழ்ந்த தமிழர் வந்த விலைக்கு வளவுகளை விற்று அகன்றனர். சிலர் விற்காமலே அகன்றனர். இவ்வெல்லைத் தகராறுகள் இன்றுவரை பிரதேச செயலகங்களின் கோப்புகளில் உறங்குகின்றன. 2002 ஏப்ரலில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் கிளிநொச்சியில் செய்துகொண்ட இணக்கத்தின் முக்கியமான பொருள்களுள் ஒன்று, முஸ்லிம்கள் தம் வயல்களுக்குத் திரும்பிச் செல்வதாகும். படுவான்கரையின் ஒரு வயல் வரம்புக்காக, பன்னிரண்டு ஆண்டுகளின் பின் வன்னியில் ஒப்பமிட வேண்டியிருந்தது.

வெளியேற்றத்தை முடிவுசெய்த தலைவர்களில் ராஜீவ் காந்தி 1991இலும் பிரேமதாஸ 1993இலும் கொல்லப்பட்டனர். மாகாண சபை 1990இலேயே கலைக்கப்பட்டது. கிழக்கு மக்கள் மீண்டும் ஒரு மாகாண சபைக்கு வாக்களிக்க 2008 வரை காத்திருந்தனர். அதற்குள் மாகாணமே இரண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்டது.

மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்பட்டு, பாதைக்குக் காத்திருந்த வாகனங்கள் இப்போது சில நிமிடங்களில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சென்றுவிடுகின்றன. அதே ஆண்டில், குருக்கள்மடத்தில் புதைக்கப்பட்டோரைத் தோண்டியெடுத்து உறவினர் வசம் ஒப்படைக்க வேண்டும் என்ற கோரிக்கை களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றத்தின் முன் வந்தது. சத்துருக்கொண்டானில் ஆண்டுதோறும் செப்டெம்பர் 9ஆம் திகதியும், காத்தான்குடியில் ஓகஸ்ட் 3ஆம் திகதியும் நினைவுகூரல்கள் நடைபெறுகின்றன. இரண்டிலும் ஒரே கோரிக்கைதான் முன்வைக்கப்படுகின்றது: விசாரணை.