மருந்து தேடும் கணினி வேதியியல்



பிளஸ் டூ முடிவு வந்ததும் போடியிலிருந்தும் மலையடிவாரக் கிராமங்களிலிருந்தும் பெற்றோர் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறார்கள். "நீட்டில் மார்க் போதவில்லை, பி.எஸ்சி. வேதியியல்தான் கிடைக்கிறது. அதைப் படித்து என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்த விளக்கம்.

நோயில் பங்குள்ள புரதத்தில் பெரும்பாலும் ஒரு குழி இருக்கும். அதில் சரியாகப் பொருந்தும் மூலக்கூறு மருந்தாகலாம். லட்சக்கணக்கான மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக ஆய்வகத்தில் சோதித்தால் காலமும் பணமும் தாங்காது. நம் ஊரில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, 8 மில்லிமீட்டர் காயைத் தனியே எடுத்த பிறகுதானே கையால் தரம் பிரிக்கிறார்கள்? கணினியும் அப்படி ஒரு சல்லடைதான். பொருந்தாதவற்றைக் கழித்துச் சிலவற்றைத் தரும். அவை மருந்தா என்பதை ஆய்வகமும் நோயாளிகளிடம் நடத்தும் சோதனையும்தான் முடிவு செய்யும்.

இந்தச் சல்லடையை, அதாவது மென்பொருளை, எழுதுபவர்கள் கணினி வேதியியலாளர்கள். இத்துறைக்கு அடித்தளமிட்ட கார்ப்லஸ், லெவிட், வார்ஷெல் மூவரும் 2013-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். நம் தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளைய முடியும் என்று கணக்கிட்டு 1963-இல் வெளியிட்டனர். புரதத்தின் வடிவம் சரிதானா என்று பார்க்க இன்றும் உலகமெங்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்' பயன்படுகிறது.

படிப்பு வழி இதுதான். பி.எஸ்சி. வேதியியலில் கணிதத்தை விடாமல் படிக்க வேண்டும். கூடவே பைத்தான் கணினி மொழியைக் கற்க வேண்டும். ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த் தகவலியல் துறை இருக்கிறது. பழகிப் பார்க்க ஆட்டோடாக் வீனா என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. இத்துறையின் ஷ்ரோடிங்கர் நிறுவனத்துக்குப் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் அலுவலகங்கள் உள்ளன.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம்: இது உடனே சம்பளம் தரும் படிப்பல்ல. நல்ல வேலைக்குப் பெரும்பாலும் பிஎச்.டி. வேண்டும். ஆனால் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு ஆய்வின் தொடக்க ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மூன்று மாதப் பயிற்சியில் லட்சத்தில் சம்பளம் என்ற விளம்பரங்களை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ஏலக்காய் பிரித்துக் குடும்பம் நடத்தும் தாய்மார்களின் பெண் பிள்ளைகள் பிளஸ் டூவோடு நின்றுவிடக் கூடாது. மதிப்பெண் பட்டியலுடன் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து கட்டணம் வரை இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்