நெளிஞ்ச கதவும் நீலக் கடுதாசியும்

பலேர்மோ துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகும் இரவுக் கப்பலுக்காகக் காத்து நின்றபோதுதான் அது நடந்தது. பக்கத்து வரிசையில் நின்ற ஒரு வான் பின்னுக்கு எடுத்துத் திரும்பும்போது, என்னுடைய பழைய ஃபியற் புந்தோவின் கதவில் இடித்துவிட்டது. சாரதி இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். இரண்டு ஐம்பது யூரோத் தாள்களை நீட்டினார். கப்பலில் வாகனங்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு. வாங்கிக்கொண்டேன்.

பின்னுக்கு இருந்த என்ர மகள், "அப்பா, நீலக் கடுதாசி எழுதேல்லையோ?" என்று கேட்டாள்.

"உதுக்கெல்லாம் ஆர் அலையிறது, பேசாமல் இரு" என்றேன்.

அந்த ஒரு வசனம் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் திரும்பியதும், தெரிந்த தம்பி ஒருவர் ஒரு சிறிய கராஜுக்குக் கூட்டிப்போனார். "பில் கேளாதேங்கோ அண்ணை, 22 வீத வரி மிச்சம்" என்றார். 250 யூரோ கொடுத்தேன். கதவு கண்ணாடி போலப் பளபளத்தது. ஆனால் ஒரு மாரி கழிய, பெயின்ற்றுக்கு அடியில் கொப்புளம் கிளம்பியது. கறள்! திரும்பப் போய்க் கேட்டால், "இது என் வேலையே இல்லை" என்று கராஜ்காரர் கைவிரித்தார். காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டும் இல்லை.

பிறகுதான் விசாரித்து விளங்கிக்கொண்டேன். இந்த வேலையில் பெறுமதி பெயின்ற்றில் இல்லை, அதற்கு முன் நடப்பதில்தான் இருக்கிறது. கறளைத் தகரம் தெரியும்வரை சுரண்டி, கறள் தடுக்கும் பூச்சு அடித்து, பள்ளத்துக்குப் பட்டி போட்டுத் தேய்த்து, அதன் பிறகுதான் நிறம். கடைசியில் மினுக்கும் பூச்சு. கறளுக்கு மேலேயே பட்டியை அப்பினால் முதல் நாள் வித்தியாசம் தெரியாது. கடற்கரை நகரத்தில் உப்புக்காற்று அதை விரைவில் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் முறை வேறு வழியில் போனேன். வாகனம் உடைக்கும் இடத்தில் பழைய கதவு தேடினேன். தெர்மினி இமெரேசேயில் 1970 முதல் 2011 வரை ஃபியற் தொழிற்சாலை ஓடிய தீவு இது, புந்தோக் கதவுக்கா பஞ்சம்? காரில் ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டைப் பார்த்து, அதே நிறத்தில் கறளில்லாத ஒரு கதவு எடுத்தேன். பெயின்ற் செலவே இல்லை. மூன்று கராஜ்களில் எழுத்தில் விலை கேட்டேன். எதைத் தட்டுவது, எதை மாற்றுவது, எத்தனை மணித்தியால வேலை என்று பிரித்து எழுதித் தரச் சொன்னேன். பில்லும் வாங்கினேன். அந்தக் கதவு இன்றைக்கும் நல்லாத்தான் இருக்கு.

ஆனால் உண்மையில் நான் ஒரு சதமும் செலவழித்திருக்கத் தேவையில்லை. மகள் கேட்ட நீலக் கடுதாசி, விபத்தில் பட்ட இருவரும் சேர்ந்து நிரப்பும் படிவம். இத்தாலியில் பதிந்து காப்புறுதி செய்த இரண்டு வாகனங்கள் என்றால், 2007 முதல் பிழையில்லாதவருக்கு அவருடைய சொந்தக் காப்புறுதி நிறுவனமே நட்டஈடு கொடுக்கும் முறை இருக்கிறது. மூன்று நாளைக்குள் அறிவிக்க வேண்டும். வாகனச் சேதத்துக்கு 60 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். இருவரும் கையெழுத்து வைத்திருந்தால் 30 நாள். எந்தக் கராஜில் திருத்துவது என்பதும் எங்கட விருப்பம்தான். ஒன்று மட்டும் கவனம்: விளங்காத கட்டத்தில் புள்ளடி போடாதேங்கோ, வாசித்து விளங்காமல் கையெழுத்தும் வைக்காதேங்கோ.

இவ்வளவு காலம் இங்கே இருந்தும் ஏன் எங்களுக்கு இது தெரியவில்லை? தெரியாமல் இல்லை, பயம். பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூரா வாசலில் விடியப்புறமே வரிசையில் நின்ற காலத்திலிருந்து, கடுதாசி என்றாலே கரைச்சல் என்று மனதில் பதிந்துவிட்டது. அதனால் பிழை செய்தவன் நீட்டும் காசையும் பில் இல்லாத விலையையும் "மலிவு" என்று நம்பிவிடுகிறோம். எங்கட பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. அவர்கள் இங்கே படித்தவர்கள், இந்தப் படிவங்களை ஒரு மூச்சில் வாசிப்பார்கள். நாங்கள்தான் "பேசாமல் இரு" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

இப்போது என் காரின் லாச்சிக்குள் இரண்டு நீலப் படிவமும் ஒரு பேனையும் எப்போதும் இருக்கும். வைத்தது மகள்தான். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.