உப்புத் தின்னும் இரும்பு
வாகனத்தின் பிறேக் தட்டை எப்போது மாற்றுவது?

பனிக்காலம் கழிந்து ஏப்ரல் பிறந்ததும் ஸ்காபரோவின் வாகனத் திருத்தகங்களில் நம்மவர் கூட்டம் பெருகுகின்றது. பனிச்சக்கரங்களைக் கழற்றுவதற்கென்று சென்றவர் பலர், "றோட்டர் முடிந்துவிட்டது; நான்கையும் மாற்ற வேண்டும்" என்ற தீர்ப்போடும் பல நூறு டொலர் மதிப்பீட்டோடும் திரும்புகின்றனர். இரவில் பீட்சா விநியோகித்து வாடகை கட்டும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. மறுத்துவிட்டு 401 நெடுஞ்சாலையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும் மனம் துணிவதில்லை. அத்தீர்ப்பு எப்போது மெய், எப்போது அவசரம் என்பதை அளந்தே அறியலாம்.

ஊரில் நாம் அறிந்திருந்த மொரிஸ் மைனரில் இத்தட்டு இருக்கவில்லை. 'ட்றம்' எனப்படும் உருளைக்குள் கட்டைகள் விரிந்து பிடிக்கும் முறையே அதில் இருந்தது. லைனிங் தேய்ந்தால் புதியதைத் தறைந்து மீண்டும் ஓட்டினோம். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிய வண்டிகள் அவை! தட்டு பிறேக்குக்கு இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902 இலேயே காப்புரிமை பெற்றார் எனினும், அது பெருவழக்கானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இரு பக்கமும் பேட்கள் இறுகக் கவ்வுகின்றன. ஓட்டத்தின் விசை வெப்பமாகி வெளியேறுகின்றது. தட்டு மெலிந்தால் அவ்வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலும் குறைகின்றது.

ரொறன்ரோவில் தட்டைத் தேய்ப்பது பேட் மட்டுமன்று. ஹியூரோன் ஏரியின் அடியில், கோடரிச் நகரில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் உள்ளது. ஆனையிறவு உப்பைச் சோற்றில் இட்டு உண்ட நாம், இங்கே உப்பை வீதியில் கொட்டக் கண்டு வியந்தோம். அவ்வுப்பு நீரே இரும்பை அரிக்கின்றது. ஓரிரவு மழையில் தட்டின்மேல் படரும் செந்நிறத் துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சில தடவை பிறேக் பிடித்தால் அது மறையும். குழி விழுந்த துருவும், பேட் படாத வளையமாகத் தங்கிவிட்ட துருவுமே ஆபத்தானவை. இவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் தொடங்குகின்றன. மின்மோட்டாரின் துணையோடு வேகம் தணிக்கும் ஹைபிரிட் வாகனங்களில் பிறேக் குறைவாகவே பயன்படுவதால், தட்டு தேயாமலே துருப்பிடித்து வீணாவதும் உண்டு.

ஒவ்வொரு தட்டிலும் 'மினிமம்' என்பதன் சுருக்கத்தோடு மிகக் குறைந்த தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, 22 மில்லிமீற்றராகப் பிறந்த தட்டில் 20 என்று பொறித்திருந்தால், 20 இற்குக் கீழே இறங்கிய தட்டு கழிக்கப்பட வேண்டியதே. 20.2 என்றாலும் புதிய பேட்டைப் பூட்டுவது வீண். அந்தப் பேட் தேயுமுன்னர் தட்டு எல்லையைக் கடந்துவிடும். ஆகவே "எத்தனை மில்லிமீற்றர்?" என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் எண் தடுமாறாது. மைக்ரோமீற்றரால் அளந்து காட்ட மறுக்கும் இடத்தை விட்டு வேறிடம் செல்வதே நன்று.

நான்கையும் ஒருசேர மாற்ற வேண்டும் என்பது எப்போதும் உண்மையன்று. ஒரே அச்சிலுள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதே முறை. முன்சக்கரங்களே பெரும்பங்கு வேலை செய்வதால் அவை முதலில் தேய்கின்றன.

பிறேக் பிடிக்கையில் ஸ்ரியறிங் நடுங்கினால் "தட்டு வளைந்துவிட்டது" என்பர். பெரும்பாலும் அது வளைவன்று. மில்லிமீற்றரின் நூறில் சில பங்கான தடிப்பு வேறுபாடே. சக்கர மையத்தில் துருவை அகற்றாமல் தட்டை ஏற்றினாலோ, நட்டுக்களைச் சமமாக இறுக்காவிட்டாலோ, புதிய தட்டும் சில மாதங்களில் நடுங்கத் தொடங்கும். கீச்சொலி எழுந்தால் பேட்டின் எச்சரிக்கைத் தகடு உரசுகின்றது என்று கொள்க. அதையும் பொருட்படுத்தாமல் இரும்போடு இரும்பு அரைபடும் ஒலி கேட்கும்வரை ஓட்டினால் தட்டும் பாழாகும். கீறலில் நகம் மாட்டுமாயின், அல்லது வெடிப்புத் தென்படுமாயின், தடிப்பு எதுவாயினும் தாமதிக்கலாகாது.

ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாகனத் திருத்தத்துக்கெனத் தனி உரிமைகளை வகுத்தது: எழுத்து மூல மதிப்பீடு, அம்மதிப்பீட்டைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் மீறாத கட்டணம், புதிய உதிரிப்பாகத்துக்கும் வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகின்றதோ அதுவரை உத்தரவாதம். கழற்றிய பழைய தட்டைத் திருப்பிக் கேட்கவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கேட்டு வாங்கி, அதன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.