ஏணியும் பரீட்சையும்

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று பார்ப்போருக்கு ஒரு விஷயம் எளிதில் விளங்கும். ஏரி ஒன்று, மதகுகள் பல. மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் ஒரே நாழிகையில் ஒரே அளவு நீர் பாய வேண்டுமென்று எந்த விவசாயியும் கேளான். நாற்பது குழந்தைகளுக்கு ஒரே நாளில் ஒரே பாடத்தை ஓதி, வருஷக் கடைசியில் தவறினவனை மந்தபுத்தி என்று தள்ளுவதை மட்டும் கல்வியென்று நெடுங்காலம் எண்ணி வந்தோம்.

இதை மாற்ற நம் ராஜ்யத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007இல் ராஜ்ய முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையே அது. மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக வகுத்த முறை இதற்கு மூலம். பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படிபோல் வரிசைப்படுத்தினார்கள். குழந்தை தன் படியைத் தானே கண்டு, அட்டையை எடுத்துத் தரையில் அமர்ந்து பயிலும். சுவரின் அடியில், அதன் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. பரீட்சையும் ஏணியில் ஒரு படியே. தேறாவிடில் மீண்டும் பயின்று வரலாம், அவமானமில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளையும், அறுப்புக் காலத்தில் தாயுடன் வயலுக்குச் சென்ற பிள்ளையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். தோல் பதனிடும் தொழிலாளியின் வீட்டில் முதன்முதல் எழுத்தறியும் குழந்தைக்கு இதனினும் பெரிய உதவி வேறென்ன?

இதைப் புதுச் சரக்கென்று எண்ணுவோர் சரித்திரம் அறியார். 1789இல் எழும்பூர் அநாதைச் சிறுவர் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் திண்ணைப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் கையாண்டார். மூத்த மாணவரைக் கொண்டே இளையவருக்குக் கற்பித்தார். அம்முறை 'மதராஸ் முறை' என்ற பெயருடனே இங்கிலாந்துக்குச் சென்றது.

ஆயினும் மேல்வகுப்புப் பரீட்சை பழைய மனப்பாடத்தையே கேட்டது. ஏணியில் தன் வேகத்தில் ஏறிய பிள்ளை அங்கே திகைத்து நின்றான். அது போதாதென்று 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கும் பொதுப் பரீட்சை என்று சர்க்கார் உத்தரவிட்டது! நீதிஸ்தலத்தில் குற்றவாளிக்குக்கூடத் தன் பக்கத்தைச் சொல்ல அவகாசமுண்டு. பத்து வயதுப் பாலகனுக்கோ சில மணி நேரத்தில் தீர்ப்பு. எதிர்ப்பு வலுத்து, 2020 பிப்ரவரியில் அவ்வுத்தரவு ரத்தாயிற்று.

தொற்றுநோயினால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். பெயர்கள் அழகியவை. நாம் அஞ்சுவது ஒன்றே: அரும்பென்ற சொல் பழைய 'மக்கு' என்பதன் மறுபெயராகிவிடலாகாது. கல்வியதிகாரிகள் காவேரிப்பாக்கத்துக்கு வரும்போது, பதிவேட்டைக் கேட்குமுன் பாயில் குழந்தையருகே அமர்ந்து, "நேற்று எந்தப் படியில் இருந்தாய், தம்பி?" என்று கேட்பார்களாக.