மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க்

மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் (அக்டோபர் 7, 1849 - ஜூலை 29, 1915) சுவீடனில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய உடற்கல்வியாளர் ஆவார். உடற்பயிற்சி கற்பிப்பதை, பெண்கள் ஊதியம் பெற்றுத் தம் காலில் நிற்கக்கூடிய தொழிலாக மாற்றியமையே இவரது முதன்மையான பணியாகும்.

பயிற்சியும் லண்டன் பணியும்

ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் 1813இல் தொடங்கிய உடற்பயிற்சி நிறுவனத்தில் 1879 முதல் 1881 வரை பயின்றார். உடற்கூற்றியலை அடிப்படையாகக் கொண்ட லிங்கின் பயிற்சிகளைக் கருவிகளின்றியும் செய்ய இயலும். எனவே அவை ஏழைப் பள்ளிகளுக்கும் பொருந்தின. 1881இல் லண்டன் பள்ளி வாரியம் இவரை உடற்பயிற்சிக் கண்காணிப்பாளராக நியமித்தது. அப்பதவியில் இவருக்கு முன் இருந்தவரும் கொன்கோர்டியா லோவ்விங் என்னும் சுவீடன் நாட்டுப் பெண்ணே.

கல்லூரி

1885இல் ஹாம்ப்ஸ்டெட்டில் பெண்களுக்கான உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1895இல் அது கென்ட் மாவட்டத்தின் டார்ட்ஃபோர்டுக்கு இடம்பெயர்ந்தது. கடும் பயிற்சி பெண்ணின் உடலுக்குத் தீங்கு என மருத்துவர் பலரே கருதிய காலம் அது. இவரோ, பெண்ணை நலிவடையச் செய்வது இடுப்பை இறுக்கும் கச்சையும் அசைவற்ற வாழ்வுமே என்றார். கல்லூரியில் கச்சை அணியத் தடை விதித்தார். உடற்கூற்றியல், உடலியங்கியல், நலவியல் ஆகியவற்றை மாணவியர் ஈராண்டுகள் பயின்றனர். மேரி டெய்ட் என்னும் மாணவி வடிவமைத்ததாகக் கூறப்படும் கையில்லா மடிப்பு உடை, பின்னர் பள்ளிச் சிறுமியரின் சீருடையாகப் பரவியது.

கட்டணம் மிகுதி என்பதால் வசதியுள்ள குடும்பத்துப் பெண்களே இங்கு சேர முடிந்தது. நலமான தாய்மாரால் இனம் மேம்படும் என்ற அக்கால இனமேம்பாட்டுச் சிந்தனையும் இவரிடம் இருந்தது. இவரது பெண்ணுரிமைக் கருத்துகளை அதிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

தாக்கம்

மாணவியருள் ரோடா ஆன்ஸ்டி 1897இலும், மார்கரெட் ஸ்டான்ஸ்ஃபீல்டு 1903இலும் தனித்தனிக் கல்லூரிகளைத் தொடங்கினர். ஒப்புநோக்க, சென்னையில் ஹாரி குரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920இல் தொடங்கியது. பெண்கள் அதில் சேர்க்கப்பட்டது 1940இல்தான்.

அமெரிக்கக் கூடைப்பந்து, டார்ட்ஃபோர்டில் வளையமும் வலையும் கொண்டு மாற்றப்பட்டு, வலைப்பந்தாட்டமாக உருப்பெற்றது. பிரித்தானியப் பேரரசின் பள்ளிகள் வழியே அது பல நாடுகளை அடைந்தது. தமிழ்நாட்டில் பெரிதும் அறியப்படாத இவ்விளையாட்டு, இலங்கையின் பெண்கள் பள்ளிகளில் வேரூன்றியுள்ளது. 2018இல் ஆசியக் கோப்பையை வென்ற இலங்கை அணியில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இடம்பெற்றிருந்தார்.